ஓடும்னுதானுங்க சொன்னேன்

அதுல உக்காராதீங்க, அந்தச் சேருக்கு ஒரு கால் ஆடுது. இப்படி வாங்க. பைய என்ர மடியில வெச்சுக்கறேன், பரவால்லீங்க. இப்ப உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, அது உங்க அம்மாங்களா? மறதிங்களா? அதானுங்க, இங்க வர்றது பூராவும் அந்தக் கேசுதான். சித்த முந்தி ஒரு பெரியவரு, கட்டுன பொண்டாட்டியவே ‘அம்மணி, நீ ஆரு ஊட்டுப் புள்ள’ன்னு கேட்டுட்டுப் போறாரு. அந்தம்மா என்ன பண்ணும், சிரிச்சுட்டே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகுது.

எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் கூட வந்தவன். என்ர பேரு சென்னியப்பன், ஊரு கோபி. டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல முப்பத்தாறு வருசம் இருந்து ரிட்டையர்டு. உள்ள இருக்கறது குழந்தைவேலு. அவனும் அதே டிபார்ட்மெண்ட்தான், ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுச் சேந்தோம். நான் வேலுன்னுதான் கூப்புடுவேன். உள்ள ஒரு பொண்ணு அவன்கிட்டக் கேள்வி கேட்டுட்டு இருக்குது. ஒரு மணி நேரம் ஆகுமாமா. அது முடிஞ்சதும் டாக்டரு என்னைக் கூப்புடுவாரு. ஆமாங்க, என்னையுந்தான். கூடவே இருந்து பாத்தவங்க ஒருத்தரு வந்து சொல்லோணுமாமா. ஒரு வருசத்துக்கு முந்தி எப்பிடி இருந்தாரு, இப்ப எப்பிடி இருக்கறாரு, என்னென்ன தப்பாப் பண்றாரு, அப்பிடின்னு ஒரு தாளு நெறையக் கேள்வி வெச்சிருக்கறாங்க. டெஸ்டு பாதி, கூட வந்தவங்க சொல்றது பாதின்னு அந்த நர்சம்மா சொல்லுச்சு.

டாக்டரு ஆமாம்னு சொல்லிட்டாருன்னா வேலு ஊட்டப் பூட்டிப்போட்டு சென்னையில ஒரு ஹோமுக்குப் போறான். கேட்டுக்கு வாட்ச்மேன் போட்டு, உள்ள இருக்கறவங்கள வெளிய விடாத ஹோமு. அவன் மக சொல்லலீங்க. அவனே பாத்து வெச்சுட்டான். இல்லேன்னு டாக்டரு சொல்லிட்டா ஊரோட இருப்பான். இன்னிக்கு அதுதான் முடிவாகுது.

எல்லாருக்கும் வேலுவப் பாத்தாத்தான் பாவமா இருக்குது. என்ர பக்கத்துக் கதைய ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. என்ர சம்சாரம் சுலோச்சனாகூடக் கேக்க மாட்டேங்கறா. நீங்க அசலூருக்காரரு, நீங்க கேளுங்க.

நீங்க கம்ப்யூட்டர்ல கேம் வெளையாடுவீங்களா? டுமீல் டுமீல்னு சுடறது இல்லீங்க. ரோசன பண்ணி வெளையாடற கேமு. நமக்கு ஒரு நாடு குடுப்பான். நெல்லு வெதைக்கோணும், கோட்டை கட்டோணும், குதிரை வளக்கோணும், அடுத்தவன் கோட்டையப் புடிக்கோணும். ரிட்டையர்டு ஆனதுல இருந்து பன்னெண்டு வருசமா நாங்க ரெண்டு பேரும் அதுதான். வெடியால வாய்க்கா மேட்டுல நடை, டீக்கடையில ஒரு டீ, பத்து மணிக்கு அவனவன் ஊட்டுல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துக்குவோம். போன ஸ்பீக்கர்ல போட்டுக்குவோம். பேசிட்டே வெளையாடறது.

பன்னெண்டு வருசத்துல நான் ஜெயிச்சத வெரல் விட்டு எண்ணிப்போடலாமுங்க. பூராவும் அவன்தான். அவன் அப்பிடித்தான், ஆரம்பத்துல இருந்தே. ரெண்டு பேரும் டிபார்ட்மெண்ட் பரிச்சை எழுதுனோம், அவன் பாசு, நான் பெயிலு. நான் கம்பத்துல ஏறிட்டு இருந்தேன், அவன் என்ர மேலதிகாரியா வந்து கீழ நின்னான். ஒரு நாளும் அதிகாரம் பண்ணலீங்க. ‘பாத்து எறங்கு சென்னி’ம்பான். அதிகாரம் பண்ணியிருந்தாலாவது நானும் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதுக்கும் வழி வெக்கல.

கேமுலயும் அதே கதைதான். ஜெயிச்சமா, வாய மூடிட்டுப் போனமான்னு இருக்க மாட்டான். ‘சென்னி, உன்ர மேக்கால கோட்டைய நீ காலியா விட்டிருக்கக் கூடாதப்பா. அங்க ஒரு இருவது வில்லுக்காரன நிறுத்தியிருந்தீன்னா நான் தோத்திருப்பேன்’ம்பான். தோத்தவனக் கூப்புட்டு, நீதான் ஜெயிச்சிருக்கோணும்னு சொல்றவன என்ன பண்றது? கேலி பண்ணுனாக்கூடத் தாங்கிக்கலாமுங்க. அவன் நெசமாலுமே சொல்லித் தருவான்.

நல்லவன்தான், இல்லேங்கல. சுலோச்சனாவுக்கு ஈரோட்டுல ஆபரேசன் ஆனப்ப பன்னெண்டு நாளு கேரியர்ல சோறு கொண்டாந்தான். அவனுக்கே பொண்டாட்டி இல்லாத காலம், அவனே ஆக்கிக் கொண்டாந்தான். ஊரெல்லாம் அதையே பேசுனாங்க. நான் கேட்டனா அவனை?

ஆனா ஒரு விசயத்துல மட்டும் அவன் என்கிட்டத்தான் வந்தாகோணும். கம்ப்யூட்டரு. எனக்கு அதுல நல்ல பழக்கமுங்க. கழட்டி மாட்டறது, சாப்ட்வேர் போடறது, எல்லாம் நானே பழகிக்கிட்டேன். ரிட்டையர்டு ஆளுக வட்டாரத்துல ஆரு ஊட்டுல கம்ப்யூட்டர் படுத்தாலும் எனக்குத்தான் போன் வரும். வேலுவுக்கு அதுல ஆனா ஆவன்னா தெரியாது. பொத்தான அமுத்துவான், எரிஞ்சா வெளையாடுவான்.

போன ஆனியில என்னாச்சு, நாங்க வெளையாடுன பழைய கேம அந்தக் கம்பெனிக்காரன் நிறுத்திப்போட்டு, புதுசா ஒண்ணு விட்டான். அதே நாடு, அதே கோட்டை. ஆனா பாக்கறதுக்கு அப்பிடி இருக்குது. நெல்லுக் கதிரு காத்துல ஆடறது தெரியும், ஆத்துல மீன் துள்றது தெரியும். என்ர பையன் எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பியிருந்தான். வேலுகிட்ட இருந்தது அவன் மக கவிதாமணி காலேஜ் சேரயில வாங்குனது. பதிமூணு வருசத்துப் பொட்டி. வாங்கறப்பக் கூடப் போனவனே நாந்தான், உள்ள என்னென்ன இருக்குதுன்னு எனக்கு மனப்பாடம்.

வாய்க்கா மேட்டுல வெச்சுக் கேட்டான். ‘சென்னி, என்ர பொட்டியில இந்தப் புதுக் கேமு ஓடுமா? ஓடாதுன்னா சொல்லிப்போடு, புதுசு வாங்கிக்கறேன்.’

கேமு ஓடறதுக்கு என்னென்ன வேணும்னு கம்பெனிக்காரனே ஒரு பட்டியல் போட்டிருந்தான். மெமரி எட்டு ஜீபி வேணும், கொறஞ்ச பட்சம். வேலு பொட்டியில நாலு. ஓடாதுன்னு இல்லீங்க. ஓடும், மேட்டுல பார வண்டி ஏறுற மாதிரி ஓடும். இன்னொரு நாலு ஜீபி சொருகிப்போட்டா சல்லுனு ஓடும். வெரல் நீளத்துக்கு ஒரு துண்டு அது. என்ர மேசை டிராயர்லயே ஒண்ணு சும்மா கெடந்துச்சு.

நான் சொன்னேன், ‘ஓடும் வேலு. எதுக்குப் புதுசு.’

ஏன் அப்பிடிச் சொன்னீங்கன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. வாயில வந்துருச்சு. ஆனா ஒண்ணுங்க, நான் பொய் சொல்லல. ஓடுமான்னு கேட்டான். ஓடும்னுதான் சொன்னேன். ஓடுச்சு.

மொத நா ஆட்டத்தச் சொல்றேன் கேளுங்க. புதுக் கேமுல ஒரு சுத்துக்குத் தொண்ணூறு செகண்டுதான். அதுக்குள்ள ரெண்டு பேரும் உத்தரவு போட்டு முடிச்சரோணும். எனக்கு ரெண்டு செகண்டுல நாடு பூரா கண்ணு முன்னால வந்துரும். வேலுவுக்கு அது வந்து நிக்கறதுக்கே ஒரு நிமிசம். மிச்சம் முப்பது செகண்டுல அவன் என்னத்த ரோசன பண்ணுவான்? ஒருக்கா அமுத்துவான், ஒண்ணும் ஆகாது. கை படலியோன்னு இன்னொருக்கா அமுத்துவான். அதுக்குள்ள படம் நகந்திருக்கும். மொதல்ல அமுத்துனது குதிரை மேல விழுகும், அடுத்து அமுத்துனது ஆத்து மேல விழுகும். இருநூறு குதிரையும் போயி ஆத்துக்குள்ள நிக்குது.

போனுல கேக்கறான், ‘நான் எப்பப்பா குதிரைய ஆத்துக்கு அனுப்பினேன்?’ நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். முக்கா மணி நேரத்துல அவன் கோட்டை என்ர கையில. அன்னிக்கு மத்தியானம் சுலோச்சனா கேட்டா, என்ன ரெண்டாவது தடவை சோறு கேக்கறீங்கன்னு.

அடுத்த நா டீக்கடையில சொன்னேன். நடை கோஷ்டி ஏழெட்டுப் பேரு இருப்போம். எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுங்களா, ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’னாங்க. வேலு சறுக்குனானாம். அப்ப நான் ஆரு, பாசி புடிச்ச படிக்கட்டா? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். செரி, எத்தனை தடவதான் சறுக்கறான் பாப்போம்னு நெனச்சேன்.

சறுக்குனான். வெளையாடுன நாளெல்லாம் சறுக்குனான். ஆடி பூரா, ஆவணி பூரா.

மூணாவது வாரம் கேட்டான். ‘சென்னி, உனக்கும் இப்பிடித்தான் மெதுவா வருதா? அமுத்துனா நேரங்கழிச்சு ஆகுதா?’ நான், ‘கேமே அப்பிடித்தான் வேலு, எல்லாத்துக்கும் ஒண்ணுதான். சட்டுனு முடிவு பண்றவனுக்குன்னே பண்ணியிருக்கறான்’னேன்.

அந்தச் சுத்துல அவன் உத்தரவே போடல. அப்பறம், ‘அப்ப நான்தான் மெதுவாயிட்டனா?’ன்னான்.

‘வயசாச்சில்ல’ன்னேன். அவ்வளவுதானுங்க சொன்னது. எழுவத்தி ரெண்டு ஆனவனுக்கு வயசாச்சுன்னு சொல்றது ஒரு குத்தமுங்களா?

அவனுக்கு அது எதுக்கு அப்பிடிப் பட்டுச்சுன்னா, அவங்கய்யனுக்கு, அவங்கப்பாவுக்குத்தானுங்க, இந்த நோவு இருந்துச்சு. ஆறு வருசம். சொந்த ஊட்டுத் திண்ணையில உக்காந்துட்டு ‘என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ம்பாரு. ராவும் பகலும் வேலுதான் கழுவி விட்டது, சோறு ஊட்டுனது. ஒரு நா கட்டுன வேட்டியில்லாம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டாரு. நாந்தான் பாத்து என்ர துண்டச் சுத்திக் கூட்டிட்டு வந்தேன். வேலு ஊட்டு வாசல்ல நின்னு அழுதான். அது எனக்குத் தெரியும். தெரியாம ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த நேரத்துல அது என்ர நெனப்புல இல்லீங்க.

அதுல இருந்து ஒரு நோட்டுப் போட்டான். ‘குதிரை, வடக்க, ஒருக்கா அமுத்தியாச்சு’ன்னு அமுத்தறதுக்கு முந்தி எழுதிக்கறது. நடைக்கு வர்றப்ப அத எடுத்தாந்து காட்டுவான். ‘இத பாரு சென்னி, வடக்கன்னு எழுதியிருக்கறேன். எழுத்து என்ர எழுத்துதான? அப்பறம் எப்பிடி ஆத்துக்கு அனுப்பினேன்?’ எனக்கு அத வாங்கிப் பாக்கறதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. நல்ல எழுத்துங்க அவனுக்கு, முத்து முத்தா இருக்கும். 

டீக்கடையில ஒரு நா கொடைய மறந்து வெச்சுட்டுப் போயிட்டான். நாங்க எல்லாருந்தான் மறக்கறோம். அந்தக் கடையில எந்நேரமும் நாலு கொடை தொங்கும். ஆனா அன்னிக்கு எல்லாரும் வேலு கொடையத்தான் பாத்தாங்க. அப்பறம் ஒருத்தன், ‘அய்யன் வழிதான் போல’ன்னான். நான் சிரிக்கல. மத்தவங்க சிரிச்சாங்க. நானும் லேசாச் சிரிச்சேன்னு வெச்சுக்குங்க.

புரட்டாசியில ஊட்டுக்கே வந்துட்டான். உக்காரல, வாசல்லயே நின்னுட்டுச் சொல்றான், ‘சென்னி, ஒருக்கா வந்து என்ர பொட்டியத் தொறந்து பாத்துட்டுப் போப்பா. கோளாறு பொட்டியிலதான்னு நீ சொல்லிட்டீன்னா எனக்குப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.’ சுலோச்சனா உள்ள இருந்து கேட்டுட்டா. ‘போயிப் பாத்துட்டு வாங்களேன், அண்ணன் மொகமே செரியில்ல’ன்னா.

போனேன். திருப்புளி எடுத்துட்டுத்தான் போனேன். பொட்டியத் தொறந்தா, மெமரி சொருகற எடம் ரெண்டுல ஒண்ணு காலியா இருக்குது. வேலு பின்னால நின்னு டார்ச் அடிக்கறான். நான் தூசிய ஊதினேன். ஒயரு ஒவ்வொண்ணையும் அமுத்திப் பாத்தேன். அவன் கோயில்ல சாமிகிட்ட உத்தரவுக்குப் பூ கேக்கறவனாட்டம் நின்னுட்டு இருந்தான்.

‘பொட்டி நல்லாருக்குது வேலு’ன்னேன்.

நெசந்தானுங்க. பொட்டியில என்ன கோளாறு? லெட்டர் அடிக்கறதுக்கு, போட்டோ பாக்கறதுக்கெல்லாம் சோக்கா ஓடுது. அந்தக் கேமுக்குத்தான் பத்தாது. கோளாறு இருக்குதான்னு கேட்டான், இல்லேன்னேன்.

டார்ச்ச அணைச்சான். ‘செரி’ன்னான். சமையக்கட்டுக்குப் போயி காப்பி போட்டு எடுத்தாந்தான். ஒரு வாய் குடிச்சேன், சக்கரை இல்ல. ‘சக்கரை போடலியே வேலு’ன்னேன். அப்பிடியே மூஞ்சி வெளுத்துப்போச்சுங்க. சுவத்தப் புடிச்சுட்டு உக்காந்துட்டான். இத்தனைக்கும் எனக்குச் சக்கரை நோவு. ரெண்டு வருசமா எனக்கு அவன் சக்கரையில்லாத காப்பிதான் குடுத்துட்டு இருக்கறான், நாஞ்சொல்லித்தான். எனக்கே அது மறந்துபோச்சு பாருங்க. ஊட்டுக்கு வந்து சுலோச்சனா காப்பி குடுக்கறப்பத்தான் நெனப்பு வந்துச்சு. செரி, போன் பண்ணிச் சொல்லிரலாம்னு இருந்தேன். அப்பறம் அதுவும் மறந்துபோச்சு.

அன்னிக்கே அவன் கவிதாமணிக்குப் போன் போட்டுட்டான். ‘அம்மணி, எனக்கு அய்யன் நோவு வந்துருச்சு. நான் அவருக்குப் பண்ணுன மாதிரி நீ எனக்குப் பண்ணக் கூடாது. எனக்குத் தெளிவா இருக்கறப்பவே ஒரு எடத்துல சேந்துக்கறேன்’னு சொல்லியிருக்கறான். அந்தப் புள்ள அழுதுச்சு. டாக்டரப் பாத்துப்போட்டு முடிவு பண்ணலாம்ப்பான்னு கெஞ்சி, இங்க பேரு குடுத்து வெச்சுது. இன்னிக்கு அதே வந்திருக்கோணும், ரயிலு லேட்டு. மத்தியானம் வந்துரும்.

அதுக்கப்பறம் அவன் ஒவ்வொண்ணா விட்டான். மொதல்ல ஸ்கூட்டர விட்டான். போற வழி மறந்து எங்காவது போயிட்டா என்ன பண்றதுங்கறான். பென்சன்காரங்க சங்கத்துல மனு எழுதற வேல அவன்தான் பாத்துட்டு இருந்தான். புருசன் செத்து, பென்சன் கெடைக்காம அலையற அம்மாக்கமாருக்கெல்லாம் அவன் எழுதுனா ஒரே தடவையில கெடைச்சுரும். அதையும் விட்டான். ‘நான் தப்பா எழுதிப்போட்டா அந்தம்மா சோத்துக்கு என்ன பண்ணும்’னான். இப்ப அத நாந்தான் எழுதறேன். நாலு திரும்பி வந்துருச்சு. அது ஆபீஸ்காரங்க பண்ற வேலைங்க, மனுவுல ஒண்ணும் தப்பில்ல.

கடைசியாத்தான் கேம விட்டான். நாப்பத்தி மூணு ஆட்டம். நாப்பத்தி மூணும் நான் ஜெயிச்சது, தேதி போட்டு எழுதி வெச்சிருக்கறேன். டீக்கடையில போயிச் சொன்னேன், வேலு கைய எடுத்துட்டான், இனி கோபியில என்னைய அடிக்க ஆள் இல்லேன்னு. அதுக்கு அந்தக் கோஷ்டி என்ன சொல்லுச்சு தெரியுங்களா? ‘பாவம், மூளை தேஞ்சவனோட வெளையாடி ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பா சென்னியப்பா’ன்னாங்க.

இதுதானுங்க என்ர வயித்தெரிச்சல். பன்னெண்டு வருசம் அவன் ஜெயிச்சான், அது கணக்கு. நான் ஜெயிச்சா மட்டும் அது நோவு. மொத ஆட்டத்துல இருந்தே அவனுக்கு நோவு இருந்திருக்கும்னு ஒருத்தன் சொல்றான். அப்ப நாப்பத்தி மூணும் போச்சா? இதக் கேக்கறதுக்கு ஒரு நாதி இல்ல. வேலுகிட்டப் போயிச் சொன்னேன், இப்பிடிச் சொல்றாங்கப்பான்னு. அவன் என்ன சொன்னான், ‘அவங்க கெடக்கறாங்க சென்னி, நீ நல்லா வெளையாடுன. மேக்கால கோட்டைய ஒரு தடவகூடக் காலியா விடல’ன்னான்.

அந்த நெலமையிலயும் சொல்லித் தர்றான் பாருங்க.

என்னங்க? சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? மெமரி பத்தலேன்னா? எப்பச் சொல்றதுங்க? மொத வாரம்னா சொல்லியிருக்கலாம், சிரிச்சுட்டுப் போயிருப்பான். டார்ச் அடிச்சுட்டு நின்னப்பவும் சொல்லியிருக்கலாம்தான். அப்பச் சொன்னா, ‘மொதல்லயே தெரியாதா உனக்கு’ன்னு கேப்பானில்ல? தெரியாதுன்னு சொன்னா நான் என்ன கம்ப்யூட்டர்காரன்? தெரியும்னு சொன்னா நான் ஆரு? அது போக, நாப்பத்தி மூணு ஆட்டமும் பொட்டி ஜெயிச்சதாப் போயிரும். இப்ப நோவு ஜெயிச்சுதுங்கறாங்க, அப்பப் பொட்டி ஜெயிச்சுதும்பாங்க. நான் எப்பத்தானுங்க ஜெயிக்கறது?

நீங்க அப்பிடிப் பாக்காதீங்க. நான் அவன ஹோமுக்குப் போகச் சொன்னனா? அவனுக்கு நெசமாவே நோவு இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? அய்யனுக்கு இருந்துதல்ல? வரலாம். டெஸ்டுல தெரிஞ்சுட்டுப் போகுது. இன்னிக்குக் கூட வர்றதுக்குக்கூட நான் கேக்கலீங்க. ‘கூடவே இருந்து பாத்தவங்க வரோணும்னு சொல்றாங்க, ஆரக் கூட்டிட்டுப் போறீங்கப்பா’ன்னு மக கேட்டிருக்குது. ‘சென்னி வருவான். என்னையப் பத்தி என்னையவிட அவனுக்குத்தான் தெரியும்’னானாமா. வெடியால அஞ்சரை பஸ்ஸுக்கு ரெண்டரை மணி நேரம் கூட வந்திருக்கறேன். சன்னலோர சீட்ட எனக்குத்தான் குடுத்தான்.

இருங்க, வந்துட்டான். அதா, வெள்ளச் சட்டை.

வாப்பா வேலு. முடிஞ்சுதா? இப்படி உக்காரு. இவரு அம்மாவக் கூட்டிட்டு வந்திருக்கறாரு, சும்மா பேசிட்டு இருந்தோம். என்ன கேட்டாங்க? மாசத்தப் பின்னாலருந்து சொல்லச் சொன்னாங்களா? சொன்னியா? செரி. கடியாரம் வரைஞ்சியா? செரி, செரி. அப்பறம்? கம்ப்யூட்டர்லயா? அம்பு வந்தா அமுத்தோணுமா?

என்னப்பா சொல்றே? அமுத்துன ஒடனே ஆச்சா?

ஒண்ணுகூடத் தப்பலியா? ம். ம். அது செரி வேலு, நீ சொல்றது புரியுது, இங்க அமுத்துன ஒடனே ஆச்சு, ஊட்டுல ஆகலேங்கறே. இங்கத்துப் பொட்டி வேற, அதான? இல்லப்பா. அது பொட்டியில்ல. இங்க வெக்கறது சின்னப் புள்ளைங்களுக்கு வெக்கற டெஸ்டு. ஒரே ஒரு அம்பு. அது ஆரு அமுத்துனாலும் ஆகும். நம்ம கேமு அப்பிடியா? இருநூறு குதிரை, நெல்லு, கோட்டை. அதுக்கெல்லாம் ரோசன ஓடோணுமில்ல? அதுலதான தெரியும்.

ஆமாப்பா, நெசமாத்தான் சொல்றேன். நான் உங்கிட்டப் பொய் சொல்லுவனா?

செரி, போயி மூஞ்சிய ஒருக்கா கழுவிட்டு வா. கொழாய் அந்தக் கடைசியில இருக்குது. எடது கைப்பக்கம். வழி தெரியுமில்ல? தெரியுமா? செரி.

கேட்டீங்களா அவன் கேட்டத? புத்தி எப்பிடி வேலை செய்யுது பாருங்க அவனுக்கு. உள்ள போன ஒரு மணி நேரத்துல கண்டுபுடிச்சுட்டான். அந்தக் காலத்துல லைன் பால்ட்டு எங்கன்னு ஆபீஸ்ல உக்காந்த எடத்துலயே சொல்லுவான், இத்தனாவது கம்பம்னு. நாங்க போயி ஏறிப் பாத்தா அங்கதான் இருக்கும்.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? உங்களக் கூப்புடலியே. நர்சம்மா என்னையத்தான் கூப்புடுது. ‘குழந்தைவேலு கூட வந்தவங்க’ன்னு கேட்டுது பாருங்க. இதா வந்துட்டனுங்கம்மா, ஒரு நிமிசம்.

உள்ள போயி நான் ஒண்ணும் சேத்துச் சொல்லப் போறதில்லீங்க. கண்ணால பாத்ததத்தான் சொல்லுவேன். மாசக்கணக்காக் குதிரைய ஆத்துக்குள்ள எறக்குனாரு, எழுதி வெச்சத மாத்தி அமுத்துனாரு, கொடைய மறந்தாரு, காப்பிக்குச் சக்கரை போட மறந்தாரு. எல்லாம் நடந்ததுதான? டாக்டரு கேக்கறதுக்குப் பதில் சொல்லோணும், அவ்வளவுதான். பொட்டியப் பத்தி அவரு கேக்கப் போறதில்ல.

அவன் பக்கம் எதுக்குப் போறீங்க? அவன் மூஞ்சி கழுவிட்டு வருவான், விடுங்க. நீங்க வழியில பாத்தவரு. நீங்க போயி பொட்டிதான் காரணம், மெமரி பத்தலேன்னு அவன்கிட்டச் சொன்னீங்கன்னு வெச்சுக்குங்க. நம்புவானா? நேரா என்கிட்டத்தான் வருவான், ‘நெசமா சென்னி’ன்னு கேக்கறதுக்கு. அவனுக்கு வேற ஆருங்க இருக்கறாங்க?